எதிரொலிக்கு இரண்டு காது வேண்டும்



கல்லூரியில் படிக்கும் என் பேரன் கிடார் வாசிப்பான். சென்ற கோடை விடுமுறையில் வந்தவன், காலால் மிதித்து இயக்கும் எஃபெக்ட்ஸ் பெடல் ஒன்றை நாமே செய்துவிடலாம் என்றான். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இளமையில் ரேடியோ ரிப்பேர் கொஞ்சம் பழகியிருந்ததால் சாலிடரிங் என் பங்காயிற்று. புரோகிராம் எழுதுவது அவன் பங்கு.

பெட்டி செய்யும் வேலை எளிதுதான். கிடாரின் ஒலி ஒரு வயர் வழியாக உள்ளே போகும். வெளியே வர இரண்டு வழி. எதிரொலி ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம் என்று பந்து போல மாறி மாறி வரும். இந்த இரட்டை வழிக்குத்தான் ஸ்டீரியோ என்று பெயர்.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதில் ஒரு மகிழ்ச்சி. இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒலி அனுப்பும் வித்தையைப் பொதுமக்கள் முதலில் அனுபவித்த இடம் பாரிஸ். 1881-ல் அங்கே நடந்த மின்சாரக் கண்காட்சியில், கிளெமான் அதெர் என்ற பொறியாளர் ஒப்பெரா மேடையில் வரிசையாக மைக்குகளை வைத்து, தொலைபேசிக் கம்பி வழியாகக் கண்காட்சி அரங்கத்துக்குப் பாட்டை அனுப்பினார். வந்தவர்கள் காதுக்கு ஒன்றாக இரண்டு குழல்களை வைத்துக் கேட்டார்கள். பாடகர் மேடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பது காதிலேயே தெரிந்ததாம். பிறகு இது தெயாத்ரோஃபோன் என்ற பெயரில் சந்தா கட்டிக் கேட்கும் சேவையாயிற்று. எழுத்தாளர் மார்செல் புரூஸ்த் 1911-ல் வீட்டிலிருந்தபடியே தெபுய்சியின் இசை நாடகத்தைக் கேட்டது இதன் வழியாகத்தான்.

எதிரொலியின் கதை வேறு. அது அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்துக் கெய்ரோ என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே இசைக்கருவிக் கடை வைத்திருந்த ரே பட்ஸ், 1950-களின் தொடக்கத்தில், காந்த நாடா உள்ளேயே ஓடும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் செய்தார். ஒரு தலை ஒலியைப் பதியும்; சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு தலை அதையே படிக்கும். நாடா நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடி, இரண்டு தலைக்கும் இடையே இரண்டு அங்குலம் இருந்தால், எதிரொலி கால் நொடிக்குச் சற்று அதிகமாகத் தாமதித்து வரும். எல்விஸ் பிரெஸ்லியுடன் வாசித்த ஸ்காட்டி மூரும் 1955-ல் இந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கினார்.

நாடா தேயும், அறுந்தும் போகும். 1969-ல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், டேர் என்ற இருவர் நாடாவே இல்லாமல் ஒலியைத் தாமதிக்கும் சில்லு ஒன்றை வெளியிட்டார்கள். தீப்பிடித்த வீட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றுவோம் இல்லையா, அதே முறைதான். ஒவ்வொரு கண்டென்சரும் தன்னிடமுள்ள மின்னூட்டத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடும். அதனால் அதன் பெயரே வாளி வரிசை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் இவ்வகைச் சில்லை வைத்து 1975-ல் இரண்டு ஸ்பீக்கர் கொண்ட ஜாஸ் கோரஸ் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அதே சுற்று பாஸ் என்ற பெயரில் மிதிபெட்டியாயிற்று. 1980-களில் ஒலியை எண்களாக மாற்றி நினைவில் வைக்கும் டிஜிட்டல் முறையும் சிறு பெடலுக்குள் வந்துவிட்டது.

எங்கள் பெட்டியில் இருப்பது எஃப்வி-1 என்ற 28 கால் சில்லு. வடிவமைத்தவர் கீத் பார். எம்எக்ஸ்ஆர், அலெசிஸ் நிறுவனங்களைத் தொடங்கியவர்களில் ஒருவர், 2010-ல் காலமானார். இந்தச் சில்லுக்குத் தாளம் போடுவது குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே வகைப் படிகம். நொடிக்கு 32,768 துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒலியை ஒரு எண்ணாக்கிப் பதியும். மொத்த நினைவு ஒரு நொடிக்குத்தான். பக்கம் தீர்ந்ததும் பழையதன் மேலேயே எழுதும். எங்கள் தபால் பதிவேட்டை அப்படிப் பராமரித்திருந்தால் என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள்!

ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் 128 வரிக் கட்டளைகள் நடக்கும். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 42 லட்சம். பேரன் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்: 13,107 துடிப்புக்கு முந்தைய எண்ணை எடு (அது 0.4 நொடி), பாதியாக்கு, எதிர்ப்பக்கம் சேர். பாதி, கால், அரைக்கால் என்று எதிரொலி தேய்ந்துகொண்டே போகும். பாதியாக்காமல் பெருக்கிவிட்டால் பெட்டி ஊளையிடும்.

வேலை முடியும் முன் அவன் ஊருக்குப் போய்விட்டான். மீதியை நானே முடித்து, ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். வலப்பக்கம் கணீரென்றது. இடப்பக்கம் ஒன்றுமில்லை. இடப்பக்க ஜாக்கை இரண்டு முறை மறுபடி சாலிடர் செய்தேன். கண்டென்சரை மாற்றினேன். வயரை மாற்றினேன். மூன்று வாரம் தூக்கமில்லை. கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, இனி இந்த வேலை நமக்கு வேண்டாம் என்றே முடிவு கட்டினேன்.

பேரன் வந்தான். மாட்டிக் கேட்டான்.

"தாத்தா, ரெண்டு பக்கமும் நல்லாத்தானே கேக்குது?"

ஹெட்ஃபோனைத் திருப்பி, இடது வலதாக என் தலையில் மாட்டினான். இதுவரை கேட்காத பக்கம் கணீரென்றது. கேட்டுக்கொண்டிருந்த பக்கம் மௌனமாயிற்று. இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மருத்துவர் எடுத்த வரைபடத்தில் இடது காதின் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. வயதினால் வருவது பொதுவாக இரண்டு காதையும் ஒன்றுபோலக் குறைக்குமாம். ஒரு காது மட்டும் மங்கினால் காரணம் தேட வேண்டும் என்று மேலும் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மனைவி இடப்பக்கம் உட்கார்ந்து பேசும்போதெல்லாம் "மெதுவாகப் பேசுகிறாய்" என்று நான் கடிந்துகொண்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பெட்டியில் எட்டு புரோகிராம் வைக்க இடம் உண்டு. எட்டாவதில் பேரன் இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகக் கூட்டி வைத்திருக்கிறான். அது எனக்கு.

நண்பர்களே, என் வயதை ஒத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொலைபேசியை எப்போதும் ஒரே காதில் வைக்கிறீர்களா? இன்றைக்கு ஒருமுறை மறு காதுக்கு மாற்றிப் பாருங்கள்.