கம்பஸ் இலவசம், போய்ப் படிப்பதற்குத்தான் காசு



"இலவசக் கல்விதானே, கம்பஸ் போற பிள்ளைக்கு என்ன பெரிய செலவு?" வெட்டுப்புள்ளி வெளியாகும் காலத்தில் இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் கேட்கும். இதற்கான பதிலை நம் சமூகம் 1945இலேயே சொல்லிவிட்டது.

அதற்கு முன் சுயமொழிப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் கட்டணம் வாங்கின. 1942இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு வழியோ ஆங்கிலம்தான். ஏழைப் பிள்ளைக்குக் கதவு பாதி வழியிலேயே சாத்தப்பட்டிருந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வேண்டும் என்றது கன்னங்கர தலைமையிலான குழுவின் 1943 அறிக்கை. 1945 ஒக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது.

அதே 1945இல்தான் ஏ.எம்.ஏ. அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார். சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம் அவர். யுத்தகாலத்தில், 1942இல், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்து நம் பகுதியின் நிலையை நேரில் கண்டவர்.

கட்டணமே ஒழிகிற வருடத்தில் நிதி எதற்கு? வகுப்புக்குக் காசில்லை, சரி. தங்க இடம், சாப்பாடு, பஸ் காசு, புத்தகம் இவற்றை அந்தச் சட்டம் தரவில்லை. இலவசக் கல்வி வென்ற வருடத்திலேயே அதன் மிச்சக் கணக்கை ஒருவர் போட்டுப் பார்த்திருக்கிறார்.

1960களில் தாய்மொழியில் பட்டப்படிப்பு வந்தபின் மாணவர் தொகை பெருகியது. விடுதிகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. 1981இல் லலித் அத்துலத்முதலி மகாபொல நிதியத்தை உருவாக்கினார். வர்த்தகக் கண்காட்சியிலும் லொத்தரிலும் திரட்டிய பணம் அதற்கு முதலானது. 1990களில், யுத்தத்தால் நம் பிள்ளைகளின் படிப்பு குழம்பியபோது, எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தது. பக்கத்தில் ஒரு கம்பஸ் இருப்பதும் ஒரு வகைப் புலமைப்பரிசில்தான். பொடிங் காசு மிச்சமானதால் பட்டதாரியான பெண் பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்!

ஆனால் எல்லோருக்கும் ஒலுவில் கிடைக்காது. வெட்டுப்புள்ளி அனுப்புகிற இடத்துக்குத்தான் போக வேண்டும், அது யாழ்ப்பாணமாகவும் இருக்கலாம், மாத்தறையாகவும் இருக்கலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 7,500 ரூபாவாக உயர்ந்தது. அப்போது அது நாளுக்கு 250 ரூபாவாக இருந்தது. மூன்று நேரச் சாப்பாட்டுக்கே அது காணவில்லை. அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைப்பவருக்கும் முதல் கொடுப்பனவு கைக்கு வரப் பல மாதம் செல்லும்.

பிள்ளை தடுமாறுவது அந்த முதல் மாதங்களில்தான். பொடிங் முற்பணம், மெத்தை, சாப்பாடு எல்லாம் ஒரே நேரத்தில் வரும். வாப்பா கடன் வாங்குவார், உம்மாவின் காப்பு அடகுக்குப் போகும். இரண்டும் முடியாத வீட்டில் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார்கள்.

அனுமதி கிடைத்த பிள்ளைக்கு மாலை போட்டு பெனர் கட்டுகிறோம், சந்தோஷம். அந்தச் செலவோடு முதல் ஆறு மாதச் சாப்பாட்டுக் காசையும் பள்ளிவாசல் மஹல்லா ஒன்று பொறுப்பெடுத்தால் என்ன? பிள்ளை வந்து கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கேட்க வெட்கப்படுகிற பிள்ளைக்குத்தான் அது அதிகம் தேவை.