விளிம்பைக் காக்கும் பள்ளம்

சுந்தரர் பிறந்த திருநாவலூரிலிருந்து கெடில நதியின் போக்கிலே கிழக்கு நோக்கிச் சென்றால் பண்ருட்டியை அடையலாம். பலாப்பழத்திற்குப் பெயர்பெற்ற அவ்வூரை இசையுலகம் பலா மரத்திற்காகவும் அறியும். தஞ்சாவூர் வீணைக் கலைஞர்கள் முற்றிய பலாக் கட்டைகளை அங்கிருந்தே வரவழைக்கின்றனர்.

17-ஆம் நூற்றாண்டில் இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளோடு உருப்பெற்றதாகப் போற்றப்படும் இவ்வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே கட்டையில் குடைந்தெடுப்பது ஏகாண்ட வீணை. குடம், தண்டி முதலியவற்றைத் தனித்தனியே செய்து இணைப்பது ஒட்டு வீணை. எவ்வகையாயினும் குடத்தின் வாயைப் பலகையால் மூடியாக வேண்டும். மூடிய இடத்தில் ஓர் ஓரம் பிறக்கிறது. அவ்வோரங்களில் யானைத் தந்தமும் மான்கொம்பும் பதிப்பது பழைய வழக்கம்.

அழகுக்காக மட்டுமா பதித்தார்கள்? மரத்தின் நுண்துளைகள் வெட்டுமுனையில்தான் திறந்து கிடக்கின்றன. ஐப்பசி ஈரத்தை உறிஞ்சுவதும், சித்திரை வெயிலில் அதை விடுவதும் பெரும்பாலும் அவ்வழியேதான். வெடிப்பும் அங்கிருந்தே தொடங்கும். துணி பிரியாதிருக்க ஓரம் அடிப்பது போன்றதே இந்த வேலைப்பாடு.

கிதாருக்கும் இதே தேவை உண்டு. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, குழாய் ஆர்கனுக்கு உயர்ந்த இடம் அளித்ததோடு, வழிபாட்டிற்குத் தகுந்த பிற கருவிகளுக்கும் வாயில் திறந்தது. அதன்பின் நம் பாடகர் குழுக்களில் கிதார் இடம் பிடித்தது. அதைத் தம் கையாலேயே செய்து பார்க்க முனைவோர், பெட்டியை ஒட்டி முடித்த பின்னரே கடினமான கட்டத்தைச் சந்திக்கின்றனர். முழுமையாகிவிட்ட பெட்டியின் விளிம்பைச் சுற்றிலும் வெட்டிப் பள்ளமிட வேண்டும்!

பக்கப்பலகையின் கனம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். அதில் பெரும்பகுதியைப் பள்ளமே தின்றுவிடும். அப்போது பெட்டியைப் பிடித்து நிறுத்துவது உட்புறத்தில் முன்கூட்டியே ஒட்டிய தாங்குபட்டை. அது மெலிந்திருந்தால் உளி உள்ளே இறங்கிவிடும். ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர்கள் கத்தி பொருத்திய அளவுகோலால் முதலில் கோடு கீறி, நாரை அறுத்த பிறகே உளியால் மரத்தை எடுத்தனர். மேற்பலகையில், அகன்ற இடத்திலிருந்து இடுப்பை நோக்கி வெட்டினால் நார் அடங்கும்; எதிர்த்திசையில் வெட்டினால் சிம்பாகப் பிளக்கும். இன்று ரூட்டர் என்னும் மின்கருவி அதே வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கிறது. ஆனால் நாரின் போக்கை மீறினால் அதுவும் கிழித்துவிடும். பள்ளத்தில் சூடு காட்டி வளைத்த மரப்பட்டையைப் பசையிட்டுப் பதித்து, காயும்வரை கயிற்றால் இறுகச் சுற்றுவர்.

பள்ளத்தை நிரப்பிய பொருளின் வரலாறு நம்மைச் சிந்திக்க வைப்பது. மேனாட்டிலும் உயர்ந்த கிதார்களுக்குத் தந்தமே விளிம்பாயிற்று. பில்லியர்ட்ஸ் பந்துக்குத் தந்தத்திற்கு மாற்றுத் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹையட், 1870-ஐ ஒட்டி செல்லுலாய்டை உருவாக்கினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கிதாரின் விளிம்பிலும் தந்தத்தின் இடத்தைப் பிடித்தது. நம் நாட்டில் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தைத் தடைசெய்தது. தஞ்சை வீணையின் ஓரத்திலும் இன்று பிளாஸ்டிக் பட்டையே மிளிர்கிறது.

தந்தம் போனதால் வீணையின் நாதம் குன்றிவிடவில்லை. ஓர் உயிரின் சாவை வேண்டிநின்ற அழகு, அத்தனை எளிதில் மாற்றத்தக்கதாகவே இருந்திருக்கிறது. பொருளை மாற்றலாம், பள்ளத்தைத் தவிர்க்க முடியாது. இரண்டு பலகைகள் சேரும் இடமே எந்தக் கருவிக்கும் நலிந்த இடம். முடிந்த வேலையை மீண்டும் வெட்டத் துணிந்து, அந்த நலிவுக்குக் காவல் வைப்பவரே கருவியை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கிறார். நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் இருவர் இணையும் இடங்களை நாம் அவ்வளவு கவனத்தோடு காக்கிறோமா?