மாமல்லபுரம் கடற்கரையில் பேரிடர்க்கால ஒருங்கிணைப்பு

மாமல்லபுரம் கடற்கரையைப் புயலோ ஆழிப்பேரலையோ நெருங்கும்போது வருவாய், காவல், தீயணைப்பு, மீன்வளம், மின்வாரியம், மீட்புப் படைகள் அனைத்தும் மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இயங்குகின்றன. இந்த ஏற்பாட்டின் இன்றைய வடிவம் 2004க்குப் பிந்தியது.

அதற்கு முன்பும் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது, வானொலி அறிவித்தது. ஆழிப்பேரலைக்குத்தான் எந்த எச்சரிக்கையும் இல்லை. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடி அதிர்ந்தது. அலை இக்கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அவ்வளவு நேரம் இருந்தும் குப்பங்களுக்கு அரசின் எச்சரிக்கை எதுவும் போகவில்லை. கல்பாக்கத்தில் கடல்நீர் இறைக்கும் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்ததும், இயங்கிக்கொண்டிருந்த அணுஉலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஊழியர் குடியிருப்பிலோ உயிர்கள் பறிபோயின. தமிழ்நாடு முழுவதும் மாண்டவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். பின்னர் வந்த சட்டங்களும் கருவிகளும் அந்த இரண்டு மணி நேர மௌனத்துக்கான விடைகளே.

2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியரே தலைவரானார். அடுத்த ஆண்டு உருவான தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஓர் அணி அரக்கோணத்தில் தங்கியுள்ளது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2010இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், களப்பணி, திட்டமிடல், பொருள்வழங்கல் என வேலையைப் பிரித்து, ஒரு நிகழ்வுக்கு ஒரே பொறுப்பாளர் என்று வகுத்தது. 1970இல் கலிபோர்னியாவில் மூண்ட காட்டுத்தீயின்போது, பல ஊர்த் தீயணைப்புப் படைகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள முடியாமல் திணறிய அனுபவத்தில் பிறந்த முறை இது.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திரா மீண்டும் அதிர்ந்தபோது, சில நிமிடங்களில் எச்சரிக்கை வந்தது. கடலோர மக்கள் மேட்டுக்கு விரைந்தனர். பேரலை எழவில்லை, எச்சரிக்கையும் அன்றே விலக்கப்பட்டது.

2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் பெரும் சோதனை 2022இல் வந்தது. டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மீட்புப் படையினர் முன்பே மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டிருந்தனர். இதுபோன்ற நேரங்களில் சென்னை எழிலகத்தில் மாநிலக் கட்டுப்பாட்டு மையம் 1070 என்ற எண்ணிலும், மாவட்ட மையங்கள் 1077 என்ற எண்ணிலும் அழைப்புகளை ஏற்கின்றன. ஆட்சியரின் உத்தரவு கோட்டாட்சியர், வட்டாட்சியர் வழியாகக் கிராம நிர்வாக அலுவலரை அடைகிறது. இந்தச் சங்கிலியில் மிக முக்கியமான கண்ணி அவர்தான். எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், யாருடைய படகு இன்னும் கரை திரும்பவில்லை என்பவை அவருக்கும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துக்குமே தெரியும்.

காற்று தணிந்ததும் மரங்களை நெடுஞ்சாலைத் துறை அகற்றுகிறது, கம்பிகளை மின்வாரியம் சீராக்குகிறது, உடைந்த படகுகளையும் அறுந்த வலைகளையும் மீன்வளத் துறை நிவாரணத்துக்காகக் கணக்கெடுக்கிறது.