குவரானா: காஃபீன் மிகுந்த மூலிகை ஊக்கியின் விளைவுகளும் ஆபத்துகளும்

குவரானா என்பது தென்னமெரிக்காவின் அமேசான் காடுகளில் வளரும் பவுலினியா குப்பானா என்னும் ஏறுகொடியையும், அதன் விதையை வறுத்து அரைத்த பொடியையும், அப்பொடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் செறிசாற்றையும் ஒருசேரக் குறிக்கும் பெயர். இயற்கையில் காஃபீன் மிகுதியாகச் செறிந்துள்ள விதைகளுள் இதுவும் ஒன்றாகும்; காப்பிக்கொட்டையின் எடையில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு காஃபீன் இருக்க, குவரானா விதையில் அது பெரும்பாலும் 3 முதல் 6 விழுக்காடு வரை உள்ளது. சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளான தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம், வேளச்சேரி ஆகிய இடங்களுக்கு இது நாட்டு மருந்துக் கடைச் சரக்காக வரவில்லை. உடற்பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் மாவுகள், கொழுப்பைக் கரைப்பதாக விளம்பரம் செய்யப்படும் மாத்திரைகள், இணையவழியில் விற்கப்படும் ஊக்கக் கலவைகள் ஆகியவற்றின் மூலப்பொருள் பட்டியலில் ஒரு சிறு வரியாகவே வந்து சேர்கிறது. அந்த ஒரு வரி எவ்வளவு காஃபீனைக் குறிக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாமல் போவதிலிருந்தே இப்பொருளின் பெரும்பாலான தீங்குகள் தொடங்குகின்றன.

தாவரமும் வரலாறும்

குவரானா சாப்பின்டேசி என்னும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூந்திக்கொட்டை, லிச்சி, ரம்புட்டான் ஆகியவையும் இக்குடும்பத்தவை. தமிழ்நாட்டு வேலிகளில் படர்வதும், மூட்டுவலிக்கென்று தோசை மாவிலும் ரசத்திலும் சேர்க்கப்படுவதுமான முடக்கத்தான் இன்னும் நெருங்கிய உறவு. குடும்பத்திற்குள் அமைந்த இனக்குழுப் பிரிவிலும் இரண்டும் ஒன்றாகவே வைக்கப்படுகின்றன. ஆயினும் முடக்கத்தான் ஊக்கப்பொருளாக ஒருபோதும் பயன்பட்டதில்லை. ஒரே குடும்பத்துத் தாவரங்கள் ஒரே குணத்தைக் கொண்டிருக்கும் என்று கருத இடமில்லை என்பதற்கு இந்த இணையே போதுமான சான்று.

பிரேசிலின் சத்தெரே-மாவே பழங்குடியினர் குவரானாவை நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்துள்ளனர். விதையை வறுத்து, இடித்து, நீர்விட்டுப் பிசைந்து, கோலாக உருட்டிப் புகையில் உலர்த்தி, வேண்டும்போது பிராருக்கு என்னும் பெருமீனின் எலும்பு போன்ற நாக்கில் உரசி நீரில் கலந்து குடிப்பது அவர்களது வழக்கம். இவ்வாறு ஒரு வேளைக்கு உட்சென்ற அளவு சிறியது; பல மணிநேரம் வேட்டையிலோ பயணத்திலோ பசி தாங்குவதற்காக அது பயன்பட்டது. 1826ஆம் ஆண்டு ஜெர்மானியரான தியோடோர் மார்ட்டியஸ் இவ்விதையிலிருந்து ஒரு படிகப் பொருளைப் பிரித்தெடுத்து அதற்குக் குவரானீன் என்று பெயரிட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் காப்பியிலிருந்து பிரிக்கப்பட்டிருந்த காஃபீனும் அதுவும் ஒரே பொருள்தான் என்பது பின்னர் உறுதியாயிற்று. எனவே, ‘காஃபீன் இல்லை, குவரானீன் மட்டுமே உள்ளது’ என்னும் விற்பனைப் பேச்சுக்கு வேதியியலில் எந்த அடிப்படையும் இல்லை.

உடலில் செயல்படும் முறை

விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து, நரம்பணுக்களின் ஏற்பிகளில் பொருந்தி, சோர்வையும் தூக்கத்தையும் உண்டாக்குகிறது. காஃபீன் அந்த ஏற்பிகளில் தானே சென்று அமர்ந்து அடினோசினைத் தடுத்துவிடுகிறது. ஆகவே அது புதிய ஆற்றல் எதையும் உடலுக்குத் தருவதில்லை. களைப்பை உணரவிடாமல் மறைக்கிறது. நலமுள்ள வயதுவந்தவரின் குருதியிலுள்ள காஃபீனில் பாதி வெளியேற ஏறத்தாழ 5 மணிநேரம் ஆகும். புகைபிடிப்போரிடம் இந்நேரம் குறைகிறது. கருத்தடை மாத்திரை உட்கொள்வோரிடம் ஏறக்குறைய இருமடங்காகிறது. கருவுற்றிருப்போரிடம் இறுதி மாதங்களில் மும்மடங்கு வரை நீள்கிறது.

குவரானாவில் தியோபுரோமின், தியோபில்லின் ஆகிய உறவுச் சேர்மங்கள் சிறிதளவும், துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் கணிசமாகவும் உள்ளன. டானினுடன் பிணைந்திருப்பதால் இதன் காஃபீன் மெதுவாக வெளிப்பட்டு நாள் முழுவதும் நிதானமான ஊக்கம் தரும் என்று பரவலாகச் சொல்லப்படுவது ஆய்வுகளால் நிறுவப்பட்ட செய்தியன்று.

நன்மைகள் குறித்த சான்றுகள்

37.5 முதல் 300 மில்லிகிராம் வரையிலான குவரானாச் சாற்றை இளைஞர்களுக்குக் கொடுத்துச் செய்த பிரித்தானிய ஆய்வுகளில், கவனமும் நினைவுத் தேர்வு மதிப்பெண்களும் ஓரளவு உயர்ந்தன. குறைந்த அளவுகளே கூடுதலான அளவுகளைவிட நற்பலன் தந்தன என்பதும், அக்குறைந்த அளவில் காஃபீன் மிகச் சொற்பமே என்பதால் பிற சேர்மங்களுக்கும் பங்கிருக்கலாம் என்பதும் அவற்றின் கருத்துகள். பிரேசிலில் முதியவர்களிடம் நீண்டநாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு அறிவாற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு வேதிமருந்து பெறுவோரின் களைப்பைக் குவரானா தணித்ததாக 2011இல் அந்நாட்டிலிருந்தே ஓர் ஆய்வு வெளிவந்தது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும், சிறிய குழுக்களில் குறுகிய காலத்திற்குக் கிடைத்த மிதமான பலன் என்பதற்கு மேல் எதுவும் தேறுவதில்லை.

உடல் எடைக் குறைப்பைப் பொறுத்தவரை நிலைமை வேறு. குவரானாவையும் மாஹுவாங் எனப்படும் எபெட்ரா மூலிகையையும் சேர்த்துக் கொடுத்து அமெரிக்காவில் 67 பேரிடம் 8 வாரம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், கலவையை உட்கொண்டவர்கள் சராசரியாக 4 கிலோ எடை குறைந்தார்கள். ஆனால் அவ்வாறு உட்கொண்ட 35 பேரில் 8 பேர் பக்கவிளைவுகளால் ஆய்விலிருந்து விலகினார்கள். எபெட்ரா கலந்த உணவுத் துணைப்பொருள்களை அமெரிக்க அரசு 2004இல் தடைசெய்தது. அதன்பின் வந்த ‘எபெட்ரா இல்லாத’ கொழுப்புக் கரைப்பான்களில் குவரானா தொடர்ந்து இடம்பெறுகிறது. எடை குறைந்த அந்தப் பழைய முடிவை இன்றைய தனிக் குவரானா மாத்திரைகளுக்குச் சான்றாகக் காட்டுவது முறையற்ற செயல்.

அளவும் கணக்கும்

குவரானாவின் ஆபத்தைப் புரிந்துகொள்ள, பொட்டலத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் காஃபீனாக மாற்றிப் பார்க்க வேண்டியுள்ளது. 4 விழுக்காடு காஃபீனுள்ள 500 மில்லிகிராம் சாதாரண விதைப்பொடியில் 20 மில்லிகிராம் காஃபீன்தான் இருக்கும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 22 விழுக்காட்டுச் செறிசாறு 1,000 மில்லிகிராம் என்றால் அதிலுள்ள காஃபீன் 220 மில்லிகிராம். இரண்டும் பட்டியலில் ‘குவரானா’ என்றே எழுதப்படலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, 150 மில்லிலிட்டர் வடித்த காப்பியில் 80 முதல் 120, உடனடிக் காப்பியில் 50 முதல் 65, தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபீன் உள்ளது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நலமுள்ள வயதுவந்தோருக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் குறித்த உச்ச அளவு நாளுக்கு 400 மில்லிகிராம். ஒரே வேளையில் 200 மில்லிகிராம். 1984இல் தாம்பரத்தில் தொடங்கப்பட்ட ஏற்றுமதிச் செயலாக்க மண்டலத்திலோ பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களிலோ இரவுப்பணி பார்க்கும் ஒருவர், நாளுக்கு இரண்டு டம்ளர் ஃபில்டர் காப்பியும், பெட்டிக்கடையில் வாங்கிய 250 மில்லிலிட்டர் ஊக்கபானம் ஒன்றும், உடற்பயிற்சிக்கு முன் மேற்சொன்ன செறிசாறு கலந்த மாவு ஒரு கரண்டியும் எடுத்துக்கொண்டால், மிகக் குறைத்துக் கணக்கிட்டாலும் 450 மில்லிகிராமைக் கடந்துவிடுகிறார். காப்பியை மட்டும் கணக்கில் கொண்டு தாம் அளவோடு இருப்பதாகவே அவர் எண்ணியிருப்பார்.

தீய விளைவுகள்

மிதமிஞ்சிய குவரானா நடுக்கம், படபடப்பு, மனப்பதற்றம், தூக்கமின்மை, வயிற்றெரிச்சல், இரத்த அழுத்த உயர்வு ஆகியவற்றை உண்டாக்குகிறது. நாள்தோறும் பழகியவர் திடீரென நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும் சோர்வும் சில நாள்கள் நீடிக்கும். மாலையில் உட்கொண்ட காஃபீன் இரவுத் தூக்கத்தைக் குலைக்க, மறுநாள் களைப்பைப் போக்க மேலும் உட்கொள்ள நேரிடும் சுழற்சி, தேர்வுக்காகக் கண்விழிக்கும் கல்லூரி மாணவரிடமும் சுழல்முறைப் பணியாளரிடமும் எளிதில் உருவாகிறது.

1,200 மில்லிகிராம் அளவுக்குக் காஃபீனைக் குறுகிய நேரத்தில் உட்கொண்டால் வலிப்பு போன்ற நச்சு விளைவுகள் தோன்றக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. இதய வால்வுக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. ஈரிதழ் வால்வுச் சரிவு இருந்த 25 வயதுப் பெண் ஒருவர், குவரானா கலந்த ‘இயற்கை’ ஊக்கபானத்தைக் குடித்தபின் கட்டுப்படுத்த இயலாத இதயத் துடிப்புச் சீர்கேட்டால் இறந்ததை 2001இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் பதிவு செய்தது. அப்பானத்தில் காஃபீன் மிக உயர்ந்த செறிவில் இருந்தது. சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சலால் வால்வு பழுதடைந்தும் அதை அறியாமலேயே வாழ்பவர்கள் இன்றும் உள்ள இந்தியாவில், மூலிகை என்பதால் தீங்கில்லை என்னும் எண்ணம் மிகவும் கவலைக்குரியது.

கருவுற்றோர், பாலூட்டுவோர், சிறுவர் ஆகியோர் குவரானாவைத் தவிர்க்க வேண்டும். டானின்கள் உணவிலுள்ள இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்களாக இருக்கும் தமிழ்நாட்டில், சாப்பாட்டையொட்டி இத்தகைய பானங்களைக் குடிப்பதும் நல்லதன்று. ஆய்வகச் சோதனைகளில் குவரானாச் சாறு இரத்தத் தட்டணுக்கள் ஒன்றுசேர்வதைக் குறைத்துள்ளது. எனவே அறுவை சிகிச்சைக்கு முன்னரும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்ளும்போதும் மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.

மருந்துகளுடன் மோதல்

தாம்பரம் சானடோரியத்தில் மருத்துவர் டேவிட் சவுரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கி, 1937இல் அரசின் கைக்கு மாறிய மருத்துவமனை, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு போன்ற மூச்சு நோய்களால் துன்புறுவோர் இத்தகைய மருத்துவமனைகளை நாடி வருவதால், குவரானாவின் ஒரு தனி ஆபத்தை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியுள்ளது. மூச்சிரைப்புக்குத் தரப்படும் தியோபில்லின் மாத்திரையும் காஃபீனும் ஒரே வேதிக்குடும்பத்தவை. கல்லீரலில் ஒரே நொதியால் சிதைக்கப்படுபவை. காஃபீன் மிகுந்தால் அந்நொதிக்கான போட்டியில் தியோபில்லின் வெளியேறுவது தாமதமாகி, குருதியில் அதன் அளவு உயரக்கூடும். தியோபில்லினில் நோய் தீர்க்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. வாந்தி, படபடப்பு, துடிப்புச் சீர்கேடு, வலிப்பு என அதன் விளைவுகள் கடுமையாகலாம். சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி அதே நொதியைத் தடுப்பதால், அதையும் உடன் உட்கொள்பவரிடம் காஃபீன், தியோபில்லின் இரண்டுமே தேங்கும். சால்பியூட்டமால் உறிஞ்சியை அடிக்கடி பயன்படுத்துவோருக்குக் கைநடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் குவரானாவால் கூடும்.

காஃபீன் மூச்சுக்குழாயைச் சிறிதளவு விரியச் செய்வதும் உண்மையே. அவ்விளைவு 4 மணிநேரம் வரை நீடிக்கக்கூடியதாகையால், நுரையீரல் திறன் சோதனைக்கு முன் காப்பி, தேநீர் ஆகியவற்றைப் போலவே குவரானா கலந்த பொருள்களையும் தவிர்க்காவிட்டால் முடிவு உண்மைக்கு மாறாக நன்றாகத் தோன்றிவிடும். மனநல மருந்துகளுள் குளோசபின் காஃபீனால் குருதியில் உயர்கிறது. லித்தியம் கூடுதலாக வெளியேறிவிடுகிறது. குளோசபினோ லித்தியமோ எடுப்பவர் குவரானாவைத் தொடங்குவதும் திடீரென நிறுத்துவதும் மருந்தின் அளவை நிலைகுலையச் செய்யும்.

சட்டமும் கண்காணிப்பும்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலை ஆணையத்தின் விதிப்படி, காஃபீன் பானத்தில் எம்மூலத்திலிருந்து வந்ததாயினும் மொத்தக் காஃபீன் லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 300 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். குழந்தைகள், கருவுற்றோர், பாலூட்டுவோர், காஃபீன் ஒவ்வாதோர் ஆகியோருக்கு ஏற்றதன்று என்றும், நாளுக்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் குடிக்கக்கூடாது என்றும் புட்டியில் அச்சிட வேண்டும். 2024 ஏப்ரலில், பானங்களை ‘ஆரோக்கிய பானம்’, ‘ஊக்கபானம்’ என்று பொருந்தாத தலைப்புகளில் வகைப்படுத்தி விற்க வேண்டாம் என இணைய விற்பனை நிறுவனங்களுக்கு ஆணையம் அறிவுறுத்தியது. பானத்திற்குரிய இந்த லிட்டர்க் கணக்கு, கரண்டியால் அளந்து கலக்கும் மாவுக்குப் பொருந்துவதில்லை. அங்கே ஒரு வேளைக்குரிய மொத்தக் காஃபீனை மில்லிகிராமில் தெளிவாக அச்சிடச் செய்வதே நுகர்வோருக்குத் தேவையான சீர்திருத்தம்.

தாம்பரம் சானடோரியத்திலேயே 2005 செப்டம்பர் 3 அன்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்த தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அதன் அயோத்திதாசர் பண்டிதர் மருத்துவமனையும் உள்ளன. ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தில் இந்நிறுவனம் இடைநிலை மையங்களுள் ஒன்றாகச் செயல்படுகிறது. குவரானா சித்த மருத்துவ மரபில் வந்த சரக்கன்று. உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுவதால் மருந்துக் கண்காணிப்பின் பார்வையிலிருந்தும் எளிதில் நழுவிவிடுகிறது. எனவே மூச்சிரைப்பு, படபடப்பு, தூக்கமின்மை என்று வருவோரிடம், எந்த மருத்துவ முறையைச் சேர்ந்த மருத்துவராயினும், உடற்பயிற்சி மாவும் ஊக்கபானமும் பயன்படுத்துகிறாரா என்று கேட்டறிவது இன்றியமையாதது. குவரானா உட்கொண்டபின் உடல்நலக் குறைவு ஏற்பட்டால், பொருளின் உறையை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்; மருந்துகளின் பக்கவிளைவுகளைத் தெரிவிப்பதற்கான இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 180 3024.