நஞ்சுக்கும் வழி, மருந்துக்கும் வழி: ஒரு நொதியின் வரலாறு



நம்ம ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் காட்டில் சருகு கூட்டப் போகிறவர்களுக்குப் பாம்பு புதிதல்ல. இரவில் அதன் பெயரைச் சொல்லவே பயந்து, "பூச்சி கடிச்சிருச்சு" என்பார்கள். பல் பட்டதோ ஒரு சிறு புள்ளி. விரியன் கடித்தால் சில மணி நேரத்தில் கால் முழுக்க வீங்கிவிடுகிறதே, எப்படி? விடையில் ஒரு பங்கு ஹயலூரானிடேஸ் என்ற நொதிக்கு உண்டு. அதே நொதிதான் டாக்டர்கள் கையில் மருந்தாகவும் இருக்கிறது!

நம் தோலுக்கு அடியில், செல்களுக்கு இடையே, வழவழப்பான பசை ஒன்று இருக்கிறது. கிருமியும் நஞ்சும் சுலபமாகப் பரவாதபடி தடுக்கும் வேலி அது. 1934இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். கிரேக்க மொழியில் கண்ணாடிக்கு 'ஹயலோஸ்' என்று பெயர். அதை வைத்து ஹயலூரானிக் அமிலம் என்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பூட்டுக்கு முன்பே சாவி கிடைத்துவிட்டது. 1928இல் டுரான்-ரேனால்ஸ் என்ற ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி, விலங்கின் விரைச் சாற்றை அம்மைத் தடுப்பூசி வைரஸுடன் கலந்து முயல் தோலில் செலுத்தினார். வைரஸ் வழக்கத்தைவிட அதிகமாகப் பரவியது. 'பரப்பும் காரணி' என்று பேசப்பட்ட இந்தச் சக்தி பாம்பு நஞ்சிலும் இருப்பதை 1939இல் அவரே எழுதினார். அது ஹயலூரானிக் அமிலத்தைக் கரைக்கும் நொதிதான் என்று 1940 வாக்கில் காட்டியவர்கள் செயின், டுதி இருவரும். பெனிசிலினுக்காக 1945இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இதே செயின்தான்!

பிறகு மருத்துவம் இதைப் பிடித்துக்கொண்டது. நீர் வற்றிப்போன குழந்தைக்கு நரம்பு கிடைக்காதபோது, தோலுக்கடியில் ஏற்றிய திரவம் சீக்கிரம் உறிஞ்சப்பட இது உதவியது. 1949இல் அட்கின்சன் என்ற கண் மருத்துவர், மரத்துப்போகும் ஊசி மருந்துடன் இதைக் கலப்பது பற்றி எழுதினார். கண்புரை ஆபரேஷனுக்குக் கண்ணைச் சுற்றிப் போடும் ஊசியில் இன்றும் இது சேர்க்கப்படுகிறது. வெகுகாலம் காளை, செம்மறிக்கடா விரைகளிலிருந்தே எடுத்தார்கள். மனித நொதியை ஆய்வகத்தில் தயாரித்த வகை 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அழகுக் கலைக்கு வருவோம். முகச் சுருக்கத்தையும் உதட்டையும் நிரப்ப அதே ஹயலூரானிக் அமிலத்தை ஊசியாகப் போடுகிறார்கள். அமெரிக்காவில் முகச் சுருக்கத்துக்கு இதைப் போட 2003இல் அனுமதி கிடைத்தது. அளவு கூடினால் கரைக்க இந்த நொதி உண்டு. ஆனால் நிரப்பி தவறிப்போய் ரத்தக் குழாயை அடைத்தால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். பார்வை போனால் நொதி போட்டும் திரும்பாமல் போவதுண்டு. ஆகவே, தங்கைகளே, பியூட்டி பார்லரில் இந்த ஊசிக்கு முகத்தைக் கொடுக்காதீர்கள்.

மறுபடியும் நம்ம ஊருக்கு. 2004இல் மைசூர் பல்கலைக்கழகத்தார் நல்ல பாம்பின் நஞ்சிலிருந்து இந்த நொதியைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். அது தானாகக் கொல்வதில்லை; மற்ற நஞ்சுகளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. எனவே பாம்புக்கடிக்கு இது மருந்தல்ல. மருந்து நஞ்சுமுறி ஊசிதான். அதற்கான நஞ்சைச் சேகரித்துத் தருகிறவர்களில் முக்கியமானவர்கள், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்து இருளர் மக்கள். விஞ்ஞானிகள் பெயரோடு அவர்களையும் நினைப்போம்.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். காயத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். காலை அசைக்காமல் வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நம் கல்லூரியில் விலங்கியலும் வேதியியலும் படிக்கும் தம்பி தங்கைகள் இதை முந்திரிக் காட்டுக்குப் போகும் வீடுகளில் எடுத்துச் சொன்னால், படித்த படிப்பு ஒரு உயிரைக் காக்கும்.