பிராக்: காட்சியிடங்களும் அவற்றின் வரலாறும்

பிராக் செக் குடியரசின் தலைநகர். அந்நாட்டவர் வழக்கில் பிராஹா. வல்தாவா ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் இந்நகரம், முன்பு கோட்டைப்பகுதி, சிறு நகரம், பழைய நகரம், புதிய நகரம் என்று நான்கு தனி ஊர்களாக இருந்து, 1784இல்தான் ஒரே நகராட்சியாயிற்று. இதன் வரலாற்று மையத்தை யுனெஸ்கோ 1992இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. போர்களில் சேதப்படாமல் அப்படியே தங்கிவிட்ட இடைக்கால நகரம் என்று சுற்றுலாக் கையேடுகள் இதைப் புகழ்வது வழக்கம். இது பாதிதான் சரி. இங்கே பயணிகள் பார்க்கும் இடங்களில் பெரும்பாலானவை ஓர் ஆட்சி கட்டியதை அடுத்தது இடித்தும், அதற்கடுத்தது திரும்ப எழுப்பியும் உருவானவை.

கோட்டையும் பேராலயமும்

பிரெமிஸ்லித் குலத்து இளவரசர் போர்ஷிவோய் ஏறத்தாழ 880இல் ஆற்றின் மேற்குக் கரைக் குன்றில் கோட்டை அமைத்தார். இன்று குடியரசுத் தலைவரின் அலுவலகம் இருப்பதும் அங்கேதான். கோட்டைக்குள் உயர்ந்து நிற்கும் புனித வீட்டுஸ் பேராலயத்துக்கு 1344 நவம்பர் 21 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த ஆண்டு பிராக் பேராயர் இருக்கையாக உயர்ந்திருந்தது. முதல் கட்டடக் கலைஞரான அர்ராஸ் ஊர் மத்தியாஸ் 1352இல் இறந்தார். பின்னர் பேட்டர் பார்லர் என்ற இளைஞர் பொறுப்பேற்றபோது அவருக்கு இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பலிபீடப் பகுதி முடிந்து கோபுரம் பாதியில் நின்றபோது, மதச் சீர்திருத்தவாதி யான் ஹுஸைப் பின்பற்றியவர்களின் மதப்போர் மூண்டு வேலை நின்றது; நின்றது நானூறு ஆண்டுக்கும் மேல். பயணிகள் அண்ணாந்து பார்த்துப் படமெடுக்கும் மேற்கு முகப்பும் இரட்டைக் கோபுரங்களும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் தொடங்கி 1929இல் முடிந்த வேலை. உள்ளே அல்ஃபோன்ஸ் முக்கா வரைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின் அடியில், அதற்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இன்றும் படிக்கும்படி இருக்கிறது. புனிதர்களின் காலடியில் விளம்பரம்! புனித வென்செஸ்லாஸ் சிற்றாலயத்தை ஒட்டி முடியணிகள் வைத்துள்ள அறைக்கு ஏழு பூட்டுகள். சாவிகள் குடியரசுத் தலைவர், பிரதமர், பேராயர், மேயர் உள்ளிட்ட ஏழு பேரிடம் பிரிந்து கிடக்கின்றன.

சார்லஸ் பாலம்

நகரத்தின் இன்றைய உருவத்தில் பெரும்பங்கு நான்காம் சார்லஸுக்கு உரியது. பொகீமியாவின் அரசராகவும் 1355 முதல் புனித உரோமைப் பேரரசராகவும் இருந்த அவர், 1348இல் புதிய நகரத்தையும் பல்கலைக்கழகத்தையும் நிறுவினார். தமிழறிஞர் கமில் சுவெலபில் படித்ததும், பின்னர் தமிழ் கற்பித்ததும் இந்தச் சார்லஸ் பல்கலைக்கழகத்தில்தான். 1968 சோவியத் படையெடுப்புக்குப் பிறகு அவர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

1342 வெள்ளத்தில் பழைய யூதித் பாலம் இடிந்துபோனதால், 1357இல் புதிய கற்பாலத்துக்கு அடிக்கல் இடப்பட்டது. ஆண்டு, நாள், மாதம், நேரம் ஆகியவற்றை 1-3-5-7-9-7-5-3-1 என்று வரிசைப்படுத்தி, சோதிடம் பார்த்துக் குறித்த முகூர்த்தம் என்பார்கள். இது பிற்காலத்தார் போட்ட கணக்கு. சாந்தில் முட்டை கலந்தார்கள் என்பதும் அதேபோல் புகழ்பெற்ற கதை. 516 மீட்டர் நீளமும் 16 வளைவுகளும் கொண்ட இதற்குச் சார்லஸின் பெயர் வந்ததே 1870 வாக்கில்; அதுவரை வெறும் கற்பாலம். கைப்பிடிச் சுவரில் நிற்கும் 30 சிலைகளும் சார்லஸ் காலத்தவை அல்ல. பெரும்பாலானவை 1683க்கும் 1714க்கும் இடையில் கத்தோலிக்க மறுமலர்ச்சி நிறுத்தியவை. அவற்றிலும் பலவற்றின் மூலச்சிலைகளை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டு, பிரதிகளை வைத்திருக்கிறார்கள். 1393இல் அரசன் நான்காம் வென்செஸ்லாஸின் ஆணையால் ஆற்றில் தள்ளப்பட்ட நெப்போமுக் யோவானின் சிலையே முதலில் வைக்கப்பட்டது. அதன் பீடத்திலுள்ள வெண்கலப் புடைப்புச் சிற்பங்களைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று நம்பி ஆளாளுக்குத் தடவியதில், அந்த இடங்கள் மட்டும் பொன்னாய்ப் பளபளக்கின்றன, சுற்றிலும் கறுப்பு. 1890 வெள்ளம் பாலத்தின் சில வளைவுகளை அடித்துச் சென்றது. டிராமும் காரும் ஓடிய இப்பாலம் 1960களின் நடுவில்தான் நடப்பவர்களுக்கு மட்டுமென ஆனது.

பழைய நகரச் சதுக்கம்

நகர மன்றச் சுவரிலுள்ள வானியல் கடிகாரத்தை, கடிகாரக் கம்மியர் கடான் ஊர் மிக்குலாஷும் பல்கலைக்கழகப் பேராசிரியர் யான் ஷிண்டெலும் 1410இல் உருவாக்கினர். இன்றும் ஓடும் இவ்வகைக் கடிகாரங்களில் இதுவே மிகப் பழையது. ஹனுஷ் என்பவர் செய்தார், இன்னொன்று செய்துவிடக் கூடாதென்று நகர மன்றத்தார் அவர் கண்ணைப் பறித்தார்கள் என்ற கதை நெடுங்காலம் வரலாறாகவே நம்பப்பட்டது. வெளிவளையம் சூரியன் மறைவிலிருந்து எண்ணும் பழைய செக் நேரத்தைக் காட்டுவதால், பருவத்துக்கேற்ப அதுவே முன்னும் பின்னும் நகரும். மணிக்கு ஒருமுறை எலும்புக்கூடு ஒரு கையால் கயிற்றை இழுத்து மணியடித்து, மறுகையால் மணற்குடுவையைச் சாய்க்கும். பக்கத்து உருவங்கள் மாட்டேன் என்று தலையை ஆட்டும். மேலே இரு சாளரங்களில் அப்போஸ்தலர்கள் கடந்துபோவார்கள். கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இதைப் பார்க்கக் கூடும் கூட்டத்தில் ஏமாந்த முகங்களும் உண்டு. வளையங்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு மீதி ஐம்பத்தொன்பது நிமிடமும் காட்சிதான். 1945 மே மாதம் ஜெர்மானியப் படை சுட்டதில் மன்றமும் கடிகாரமும் எரிந்தன. கடிகாரம் 1948இல் மீண்டும் ஓடியது. எரிந்த கட்டடப் பகுதி இருந்த இடம் இன்னும் வெறும் புல்வெளி.

ஹாப்ஸ்பர்க் அரச குலத்தை எதிர்த்து வெள்ளைமலைப் போரில் தோற்ற பொகீமியத் தலைவர்கள் 27 பேர் 1621 ஜூன் 21 அன்று இங்கே கொல்லப்பட்டனர். தரையில் பதித்த 27 வெள்ளைச் சிலுவைகள் அதற்கு அடையாளம். தலைகளில் பன்னிரண்டைப் பாலத்துக் கோபுரத்தில் பத்தாண்டு தொங்கவிட்டார்கள்.

யூதர் குடியிருப்பு

யோசெபோவ் பகுதியின் பழைய-புதிய தொழுகைக்கூடம் 13ஆம் நூற்றாண்டினது. அருகிலுள்ள இடுகாட்டுக்கு இடம் விரிவாக்க வழியில்லாததால் கல்லறை மேல் கல்லறையாக மண்கொட்டி அடக்கினர். சுமார் 12,000 நடுகற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. 1893க்குப் பின் நகராட்சி சுகாதாரத்தின் பெயரால் சந்துகளை இடித்து, பாரிஸ் பாணியில் அகன்ற சாலை போட்டது. பிங்காஸ் தொழுகைக்கூடச் சுவர்களில், நாஜிகள் கொன்ற ஏறத்தாழ 78,000 செக் யூதர்களின் பெயர்கள் கையால் எழுதப்பட்டன. கம்யூனிச ஆட்சியில் கூடம் மூடப்பட்டு எழுத்துகள் அழிந்தன. 1990களில் எல்லாப் பெயர்களையும் மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள்.

இருபதாம் நூற்றாண்டு

வென்செஸ்லாஸ் சதுக்கம் பெயருக்குத்தான் சதுக்கம்; உண்மையில் முக்கால் கிலோமீட்டர் நீளச் சாலை. முன்பு குதிரைச் சந்தை. 1968 சோவியத் டாங்கிகள், 1969 ஜனவரியில் யான் பலாஹ் என்ற மாணவரின் தீக்குளிப்பு, கம்யூனிச ஆட்சியை வீழ்த்திய 1989 நவம்பர்ப் புரட்சி என எல்லாம் இங்கே நடந்தவை. லெட்னா மேட்டில் 1955இல் திறக்கப்பட்ட பெரும் ஸ்டாலின் சிலையை, அதை நிறுவிய கம்யூனிஸ்ட் கட்சியே 1962இல் வெடிவைத்துத் தகர்த்தது. திறப்புவிழாவைப் பாராமலே சிற்பி ஓட்டக்கார் ஷ்வெட்ஸ் தற்கொலை செய்துகொண்டிருந்தார். பீடத்தில் இப்போது தாளமானி ஒன்று ஆடுகிறது. 1996இல் முடிந்த ‘நடனமாடும் வீடு’ எழுந்த மனை, 1945 பிப்ரவரியில் அமெரிக்க விமானங்கள் ஜெர்மானிய நகரமான டிரெஸ்டன் என்று எண்ணிக் குண்டு போட்டதில் காலியானது.

பழைய நகரச் சதுக்கத்தில் 1650 முதல் நின்ற மரியன்னைத் தூணை, ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் சின்னமெனக் கருதிய கூட்டம் 1918இல் சாய்த்தது. அதன் பிரதி நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் 2020இல் அதே இடத்தில், யான் ஹுஸ் நினைவுச் சின்னத்துக்கு அருகிலேயே நிறுத்தப்பட்டது. வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.