எலும்பு ஏற்றது, ஏழைக்கு எட்டிற்றா?

கல்வராயன் மலையிலே மரமேறி வீழ்ந்து கால் முறிந்தோனுக்கு அந்நாளில் கிடைத்தவை இரண்டு: மூங்கில் தப்பை; "எல்லாம் தலைவிதி" எனும் ஆறுதல்.

மேலைநாட்டு மருத்துவரோ, முறிந்த எலும்பை உலோகத் தகடு கொண்டு இணைக்க முயன்றனர். தகடு துருவேறிற்று, தசை புண்ணாயிற்று. விதியென்று கைகட்டி நின்றனரா? இல்லை, காரணம் தேடினர். உடலின் நீர் உப்புநீர். இருவேறு உலோகங்கள் அதில் தோய்ந்தால் மின்னோட்டம் எழும், அரிப்புத் தோன்றும் என்று 1937இல் வெனபிள், ஸ்டக் எனும் அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். பல் மருத்துவத்தில் முன்பே பயன்பட்ட கோபால்ட்-குரோமியக் கலவை அச்சோதனையிலே வென்றது.

1952இல் சுவீடன் நாட்டுப் பிரானேமார்க், முயலின் கால் எலும்பில் தாம் பதித்த டைட்டானியக் கருவியைக் கழற்ற முனைந்தார். வரவில்லை! எலும்பு அதனைத் தழுவி வளர்ந்திருந்தது. 1965இல் மனிதத் தாடையிலே டைட்டானியம் வேரூன்றிப் பல்லைத் தாங்கிற்று.

உலோகத்தை எலும்பு ஏற்ற அந்நாளிலும், கல்வராயன் மலைமக்கள் ஜாகீர்தார்களின் பிடியிலே கிடந்தனர். அப்பிடி அகன்றது 1976இல். செயற்கை முழங்கால் மூட்டுக்கு இந்திய அரசு விலை வரம்பு கட்டியது 2017இல். கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022இல்.

எலும்பு சாதி கேட்பதில்லை. டைட்டானியம் குலம் கேட்பதில்லை. குறுக்கே நிற்பவை விலையும் தொலைவும். அவை விதி வகுத்தவையல்ல, மனிதர் வகுத்தவை. மனிதர் வகுத்ததை மனிதரே மாற்றலாம், தோழர்களே!